அடுத்த பாட்டு

உகுலேலே வாங்கியவர்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் எப்படியும் ஒரு பாட்டில் வந்து நிற்பார்கள். ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமகவிவோஒலே பாடிய 'ஓவர் தி ரெயின்போ'. நானும் வந்து நின்றேன். நான் பயன்படுத்திய பயிற்சிச் செயலி அதை 'எளிது' என்ற பிரிவில் வைத்திருந்தது. பெரும்பாலும் ஐந்தே கார்டு. சி-க்கு ஒரு விரல், ஏ மைனருக்கு ஒரு விரல், எஃப்-க்கு இரண்டு, ஜி-க்கும் இ மைனருக்கும் மும்மூன்று. பச்சை டிக் விழ விழ வாசித்து, மூன்றாவது வாரம் தொண்ணூற்றாறு சதவீதம் எடுத்துவிட்டேன். திரையின் கீழே ஒரு பொத்தான்: 'அடுத்த பாட்டு'.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். எட்டு வயது. பொறுமையாகக் கேட்டாள். நான் நிறுத்தியதும், "மாமா, பாட்டு எப்ப வரும்?" என்றாள்.

"முடிஞ்சிருச்சு பாப்பா."

அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்கூட இல்லை, என் மேல் பரிதாபம். அந்த நான்கு சதவீதத்தில்தான் பாட்டு இருந்ததோ என்று அன்றிரவு யோசித்தேன். அப்படியும் இல்லை. செயலி அளந்த எதிலுமே பாட்டு இல்லை. இத்தனைக்கும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். அளக்க முடிவதை மட்டும் அளந்துவிட்டு, அதற்கு 'முன்னேற்றம்' என்று பெயர் வைப்பது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ஆங்கிலக்காரர்கள் 'யூக்கலேலி' என்பார்கள். ஹவாய்க்காரர்களுக்கு அது உகுலேலேதான், தமிழில் எழுதி அப்படியே வாசிக்கலாம். 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் துள்ளுவது. கம்பிமேல் விரல்கள் துள்ளுவதைப் பார்த்து வந்த பெயர் என்பார்கள். ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானி வேறு பொருள் சொன்னார்: இங்கே வந்து சேர்ந்த பரிசு. இரண்டாவது விளக்கம் வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. 1879இல் மதேராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துகீசியக் குடும்பங்களோடு 'மஷேத்' என்ற சின்ன நாற்கம்பிக் கருவி ஹொனொலுலுவில் இறங்கியது. அதிலிருந்துதான் உகுலேலே பிறந்தது.

இப்போது அந்தப் பதிவு. 1988இல் ஒருநாள் நடுராத்திரிக்கு மேல் இஸ்ரேல் (ஊரார் வாயில் 'இஸ்') ஹொனொலுலுவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன் போடுகிறார். மிலன் பெர்டோசா என்ற ஒலிப்பதிவாளர் கடையைக் கட்டும் நேரம். சரி, சீக்கிரம் வாருங்கள் என்கிறார். மிகப் பருத்த உடம்பு இஸ்ஸுக்கு. அவரைத் தாங்குகிற நாற்காலியைத் தேடிக் கொண்டுவருகிறார்கள். ஒரே டேக். ஒரு குரல், ஒரு உகுலேலே, அவ்வளவுதான். அந்த நாடா ஐந்து வருடம் சும்மா கிடந்து, 1993இல் 'ஃபேசிங் ஃப்யூச்சர்' தொகுப்பில் சேர்ந்தது. 1997இல், முப்பத்தெட்டு வயதில், இஸ் இறந்துபோனார்.

இடையில் 1990இலேயே இதே பாட்டின் துள்ளலான வடிவம் ஒன்றை 'கா அனோயி' என்ற தொகுப்பில் வெளியிட்டிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், உலகம் ஏன் அந்த நாடாவை எடுத்துக்கொண்டது என்பது புரியும். துள்ளல் வடிவத்தில் ஏற்பாடு இருக்கிறது. நாடாவில் ஒரு ஆள் இருக்கிறார்.

செயலி 'எளிது' என்று சொன்னது இடது கையை வைத்து. உண்மையான வேலை வலது கையில். இஸ்ஸின் வலது கை ஒரே தாளக்கட்டை ஐந்து நிமிடம் விடாமல் ஓட்டுகிறது, ஆனால் இயந்திரம் மாதிரி ஓட்டுவதில்லை. வரி முடியும் இடத்தில் லேசாகத் தளர்கிறது, மூச்சு எடுக்கும்போது காத்திருக்கிறது. குரலுக்கும் கைக்கும் ஒரே நுரையீரல். நான் மெட்ரோனோமைக் கட்டிக்கொண்டு அழுததில் இந்த மூச்சுதான் முதலில் செத்தது.

வருடக் கடைசியில் கிட்டார்லேலே ஒன்று வாங்கினேன். உகுலேலே அளவிலேயே ஆறு கம்பி. கிட்டாரின் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் வரும் சுருதி. மேல் நான்கு கம்பிகள் உகுலேலேயின் அதே ஜி, சி, இ, ஏ, ஆனால் ஜி மட்டும் ஒரு ஸ்தாயி இறங்கியிருக்கும். கூடவே அடியில் இரண்டு தடித்த கம்பிகள். பேஸ் வந்துவிட்டது, இனி பாட்டு நிரம்பும் என்று நினைத்தேன். நிரம்பியது. நன்றாகவும் இருந்தது. ஆனால் இந்தப் பாட்டு காணாமல் போய்விட்டது.

காரணம் புரிய நாளாயிற்று. உகுலேலேயை எப்படிச் சுருதி கூட்டினாலும் அதற்குத் தரை கிடையாது. அது பேசுவதெல்லாம் மேல்பகுதியில்தான். ஆண்குரல் ஒன்று அதனோடு பாடும்போது பல இடங்களில் குரல்தான் கருவிக்கு அடியில் இருக்கிறது. வாத்தியம் குரலைத் தாங்குவதில்லை, குரல் வாத்தியத்தைத் தாங்குகிறது. கீழே ஒன்றுமில்லாத இடத்தில் அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு மெல்லிய குரலை வைத்துக்கொண்டு நிற்பதுதான் பதிவில் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. கிட்டார்லேலேயின் பேஸ் கம்பி ஆறுதலாக ஒரு நாற்காலியைப் போட்டுவிடுகிறது.

வார்த்தைகளை மாற்றிவிட்டார் என்று இஸ் மேல் ஒரு பழைய புகார் உண்டு. உண்மைதான். வரிகள் இடம் மாறியிருக்கின்றன, மெட்டும் அங்கங்கே வேறாக இருக்கிறது. 1939இல் ஹரால்ட் ஆர்லென் மெட்டமைத்து யிப் ஹார்பர்க் எழுதிய மூலம், முதல் சொல்லிலேயே ஒரு முழு ஸ்தாயி தாவும். சிறிய ஊரின் வறண்ட நிலத்தில் நிற்கும் பெண்ணுக்கு எழுதிய தாவல் அது. படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று அதை வெட்டப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. இஸ்ஸின் பிழைகள் எனக்குப் பிழையாகப் படவில்லை. அம்மா பாடிக் கேட்டதை நாம் பாடும்போது வருகிற மாற்றங்கள் மாதிரி இருக்கின்றன.

என் குறை வேறு. பாட்டின் பின்பாதியில் அவர் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டுக்குப் போகிறார். 1967இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அதைப் பாடியபோது அந்தக் கரகரப்பே வார்த்தைகளைச் சந்தேகித்தது. எல்லாம் அழகு என்று சொல்கிற தொண்டை எத்தனையோ பார்த்த தொண்டை. இஸ்ஸின் தேன்குரலில் அந்தச் சந்தேகம் கரைந்துவிடுகிறது. வாழ்த்து அட்டையாகிவிடும் ஆபத்து. நல்லவேளை, ஒரு இடத்தில் தப்பிக்கிறார். மூலத்தில் இரவு புனிதமானது, இவரோ தனக்கு இருட்டு பிடிக்கும் என்று பாடிவிடுகிறார். மறந்து பாடினாரா தெரிந்து பாடினாரா, எனக்குக் கவலையில்லை. அந்த ஒரு மாற்றத்துக்காகப் பின்பாதியை முழுக்க மன்னிக்கலாம்.

வாழ்த்து அட்டை என்றேன். விளம்பரமும் தொடரும் சினிமாவும் இந்தப் பாட்டை அப்படித்தான் எடுத்துக்கொண்டன. கடற்கரை, நிம்மதி, அல்லது யாராவது அழகாகச் சாகிற காட்சி. உகுலேலேயும் அதோடு சேர்ந்து 'சந்தோஷ வாத்தியம்' ஆகிவிட்டது.

'ஃபேசிங் ஃப்யூச்சர்' தொகுப்பை வரிசையாகக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. வானவில் அதில் கடைசிக்கு முந்தைய பாட்டு. அது முடிந்ததும் 'ஹவாயி 78' வருகிறது. தொகுப்பு தொடங்குவதும் அதன் முன்னோட்டத்தோடுதான். பழைய ராஜாக்களும் ராணிகளும் திரும்பி வந்து, சிக்னல் விளக்குகளும் கட்டடங்களுமாகிவிட்ட தங்கள் தீவைப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்கிற பாட்டு. உகுலேலேயைக் கொண்டாடி அரண்மனைக்குள் அழைத்த ராஜா கலாகவுவா இறந்தது 1891இல். இரண்டே வருடத்தில் அவர் தங்கை லிலியுஒகலானியின் ஆட்சியை அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் கவிழ்த்தார்கள், துணைக்கு அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள். 1898இல் நாடே போயிற்று. பரிசு வந்த கதையைச் சொன்ன அரசி அவர்தான்.

அந்த வரிசையில் வைத்துக் கேட்டால் வானவில் வேறு பாட்டு. எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று பாடுகிறவர், அடுத்த ஐந்து நிமிடத்தில், அந்த இடம் இதுவாகத்தான் இருந்தது என்று பாடுகிறார். இஸ் அந்தத் துக்கத்தை மறைக்கவில்லை. பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நாம்தான் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, ஐந்து கார்டு, எளிது என்று ஒட்டிவிட்டோம். விரலை எங்கே வைப்பது என்று மட்டும் கற்றுக்கொண்டு ஒரு பாட்டை 'முடித்துவிட்டேன்' என்று நான் சொன்னதும் இதன் ஒரு சின்னக் கிளைதான்.

செயலியை நீக்கிவிட்டேன் என்று சொன்னால் பொய். சந்தா இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது, ட்யூனருக்கு உதவுகிறது. ஆனால் இந்தப் பாட்டை அதில் வாசிப்பதில்லை. பழைய உகுலேலேயில், என் சுமாரான குரலில் பாடிக்கொண்டே வாசிக்கிறேன். சி-யிலிருந்து இ மைனருக்குப் போகும்போது இன்னமும் கம்பி இரைகிறது. நிறுத்துவதில்லை.

போன மாதம் அக்கா மகள் மறுபடி வந்தாள். பாதியில் வரி மறந்து 'ஊ' என்று சமாளித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தொகுப்பின் கடைசிப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன்.

"இவர் ஏன் மாமா கோவமா பாடுறாரு?"

"கோவம் இல்ல பாப்பா," என்று ஆரம்பித்தேன். பிறகு, இருக்கலாம் என்று தோன்றியது. அரசி கதையிலிருந்து தொடங்கினேன்.