விரலும் ஓவியமும்

இசைவாணரைப் பற்றிய சித்திரத் தொடர்களில் நெடுநாளாக ஒரு குறை உண்டு. இசை ஒலிக்கும், வாசிப்போன் விரல்களோ அதனோடு ஒட்டாமல் அசையும். 2012இல் ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்த 'சாகமிச்சி நோ அப்போலோன்' அக்குறையைக் களைந்தது. இயக்கியவர் ஷின்இச்சிரோ வத்தனாபே. இசை யோக்கோ கன்னோ. மெய்யான கலைஞர்களை வாசிக்கச் செய்து படம்பிடித்து, அவ்வசைவுகளைக் கொண்டே ஓவியம் தீட்டினர்.

அமெரிக்கக் கடற்படைத் தளமுள்ள சசேபோ நகரில், 1966இல் கதை தொடங்குகிறது. பியானோ வாசிக்கும் கவோருவும் டிரம் முழக்கும் சென்தாரோவும் ஜாஸ் இசையால் நண்பராகின்றனர். ஏழாம் பகுதியே தொடரின் உயிர். சென்தாரோ ராக் குழுவிற் சேர்ந்ததால் இருவருக்கும் பிணக்கு. பள்ளி விழா மேடையில் மின்சாரம் நின்றுவிட, கித்தார்கள் ஊமையாகின்றன. கவோரு பியானோவைத் தொடுகிறான். டிரம் அவனைப் பின்தொடர்கிறது. மன்னிப்பென்னும் சொல் எவர் வாயிலும் எழவில்லை; ஒருவன் விட்ட இடத்தை மற்றவன் ஏந்துவதே சமாதானம். ஜாஸ் அறியாதார்க்கும் இது விளங்கும்.

இறுதிப் பகுதியைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை. எட்டு ஆண்டுகளை அது ஒரே தாவலிற் கடக்கிறது. பிரிவு சொல்லப்படுகிறதேயன்றி உணர்த்தப்படவில்லை. தேவாலயத்தில் இருவரும் மீண்டும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் அவ்வவசரம் மறக்கிறது.