விடைபெறும் வாத்தியார்

"போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது நம் வீடுகளில் வழக்கமில்லை. "போய் வருகிறேன்" என்றுதான் சொல்கிறோம். திரும்பி வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும்போதுகூட, அந்த 'வருகிறேன்' இல்லாமல் யாரும் வாசற்படி தாண்டுவதில்லை. ஜப்பானியரின் 'ஸயோனாரா' இன்னும் சுருக்கம். அதன் பழைய பொருளைத் தோண்டிப் பார்த்தால் 'அப்படியானால்' என்று மட்டுமே அர்த்தமாம். வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படியானால் என்ன என்பதைக் கேட்கிறவர் தம் மனசுக்குள் பூர்த்தி செய்துகொள்ள வேண்டும்.

லாப்காடியோ ஹெர்ன் தமது முதல் ஜப்பான் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு இந்த ஒரே வார்த்தையைத் தலைப்பாக வைத்தார். அமெரிக்காவில் 1894-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்த புத்தகம் அது. 'பழக்கமில்லாத ஜப்பானின் சில காட்சிகள்' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம்.

அயல்நாட்டில் ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள் எழுதுகிற புத்தகங்கள் ஒரு தனி ஜாதி. பாஷை தெரியாத தவிப்பில் ஆரம்பிக்கும். சாப்பாடு, திருவிழா, பையன்களின் வேடிக்கையான இங்கிலீஷ் என்று நடுப்பகுதி நகரும். கடைசியில் ரயிலடியிலோ துறைமுகத்திலோ எல்லோரும் அழுவார்கள். வாசகனும் அழுவான். மற்ற அத்தியாயங்கள் எப்படியிருந்தாலும் இந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் தோற்பதேயில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பிரிவு என்கிற விஷயம் தானே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிப் பாதியை எழுத்தாளன் செய்திருக்கிறானா என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. ஹெர்ன் அந்த ஜாதிக்கே ஒரு மூலபுருஷர் மாதிரி. ஆகவே கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை. 1850-ல் ஒரு கிரேக்கத் தீவில் பிறந்தவர். தாயார் கிரேக்கப் பெண், தகப்பனார் அயர்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே ஒரு கண் போயிற்று. அமெரிக்காவில் பத்திரிகைக்காரராகப் பல வருஷம் உழைத்துவிட்டு, 1890 ஏப்ரலில் யோகஹாமாவில் வந்து இறங்கினார். அனுப்பிய பத்திரிகையோடு சண்டை வந்தது, கையில் காசில்லை. சிபாரிசின் பேரில், ஜப்பானின் மேற்குக் கடலோரத்தில் மட்சுயே என்கிற ஊரில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. 1890 ஆகஸ்டு கடைசியில் ஊர் வந்து சேர்ந்தார். 1891 நவம்பர் 15-ல் கிளம்பிவிட்டார். ஆக, பதினைந்து மாதம்கூட முழுசாக இல்லை. அந்தப் பதினைந்து மாதத்தை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை மட்சுயே அவரைத் தன் ஊர்க்காரர் என்று கொண்டாடுகிறது. அவர் குடியிருந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பக்கத்தில் நினைவுக் காட்சிசாலையும் வைத்திருக்கிறது.

'ஸயோனாரா' சிறிய அத்தியாயம். வேலையை ராஜினாமா செய்தாகிவிட்டது, பாஸ்போர்ட் வந்தால் புறப்பட வேண்டியதுதான், வெகுதூரம் போகிறேன் என்று ஆரம்பிக்கிறது. பிறகு பரிசுகள் வருகின்றன. ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு பெரிய பழைய ஜாடிகள் கொடுக்கிறார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் சேர்ந்து ஒரு வாள் கொடுக்கிறார்கள். பிரபுக்கள் ஆண்ட காலத்து வாள், உறையில் வெள்ளிச் சிங்கங்கள். வாத்தியாருக்கு வாளா என்று நமக்குத் தோன்றும். மட்சுயே கோட்டை உள்ள ஊர். அந்தப் பையன்களில் பலர் வீட்டில் தாத்தா வாள் கட்டியிருந்தவர். தங்களிடம் உள்ளதில் உயர்ந்தது எதுவோ அதைக் கொடுத்தார்கள். உபசார வார்த்தைகள் எத்தனை எழுதினாலும் அந்த வாளுக்கு ஈடாகாது என்பது ஹெர்னுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வர்ணித்துவிட்டு மேலே போய்விடுகிறார். நல்ல எழுத்தாளன் செய்கிற காரியம்.

கூட்டத்தில் அவர் பேசிய பேச்சையும் தந்திருக்கிறார். சக்கரவர்த்திக்காக உயிரை விடுவதே எங்கள் மேலான ஆசை என்று பையன்கள் வகுப்பில் சொல்வார்களாம். ஆசை உயர்ந்ததுதான், ஆனால் சாவதைவிட அவருக்காக உழைத்து வாழ்வதும் உயர்ந்ததுதான் என்கிற ரீதியில் வாத்தியார் பேசுகிறார். 1904-ல் ருஷ்யாவோடு யுத்தம் வந்தபோது அந்தப் பையன்களுக்கு முப்பது வயசு சுமார் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்க்காமல் இந்த இடத்தை என்னால் படிக்க முடியவில்லை. கடைசியில் துறை. வீட்டு வாசலில் கூடிய பையன்கள் கூடவே நடந்து வருகிறார்கள், சின்ன நீராவிப் படகு ஊதுகிறது, "மன்ஸாய்!" என்கிற கோஷம் எழுகிறது. பதினாயிரம் ஆண்டு வாழ்க என்று அர்த்தம். முகங்கள் மறைகின்றன, ஊர் மறைகிறது, புத்தகம் முடிகிறது.

அழகாக இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் இந்த அத்தியாயத்தில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும்.

வெகுதூரம், பாஸ்போர்ட் என்றெல்லாம் படிக்கிற பாஸ்டன் நகரத்து வாசகர் என்ன நினைத்திருப்பார்? மனிதர் ஜப்பானைவிட்டே கிளம்புகிறார் என்றுதான். அந்தக் காலத்தில் அந்நியர்கள் ஜப்பானின் உள்நாட்டில் ஊருக்கு ஊர் போவதற்கே பாஸ்போர்ட் வேண்டும். ஹெர்ன் போனது தெற்கே கியூஷு தீவிலுள்ள குமமோட்டோவுக்கு. இன்னொரு கல்லூரிக்கு, இன்னொரு வாத்தியார் வேலைக்கு. மட்சுயேயில் சம்பளம் மாதம் 100 யென். குமமோட்டோவில் 200. மட்சுயேயின் குளிர்காலம் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் காரணம். இரண்டும் கௌரவமான காரணங்கள்தான். குடும்பஸ்தன் யாரும் குற்றம் சொல்ல மாட்டான். ஆனால் 'ஸயோனாரா'வில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. கணக்கைச் சொன்னால் கண்ணீர் வற்றிவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

குடும்பஸ்தன் என்றேன். 1891-ன் ஆரம்பத்திலிருந்து செட்சு என்கிற பெண் அவரோடு இருந்தாள். நொடித்துப்போன ஸாமுராய் குடும்பத்துப் பெண். குமமோட்டோவுக்கும் கூடவே போனாள். பிறந்து வளர்ந்த ஊரைவிட்டு உண்மையில் பிரிந்தவள் அவள்தான். ஹெர்னுக்குப் பதினைந்து மாத ஊர். அவளுக்கு ஆயுசு பூராவும் தெரிந்த ஊர். படகுத்துறைக் காட்சியில் அவளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நாவல் எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்: அந்தப் படகில் நான் யாருடைய கண்ணால் ஊரைப் பார்ப்பேன் என்று கேட்டால் அவள் கண்ணால்தான். (2025-ல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அவளைக் கதாநாயகிக்கு மாதிரியாக வைத்துத் தினசரித் தொடர் ஒன்று வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்தாவது யாருக்கோ தோன்றியிருக்கிறது.)

இன்னொன்று. அத்தியாயம் முழுவதும் நிகழ்காலத்தில் நடக்கிறது, ஆனால் புத்தகத்தை முடித்துக் கொடுத்தது குமமோட்டோவில். அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்காமல் சொல்கிறார். வேண்டாத ஊரில் உட்கார்ந்துகொண்டு விட்டு வந்த ஊரை நினைக்கும்போது, விட்டு வந்த ஊரில் குளிர்கூடக் குறைந்துதான் போகும்.

இதையெல்லாம் சொல்வதால் ஹெர்னைச் சாதாரண எழுத்தாளர் என்று தள்ளிவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே புத்தகத்தில், 'ஒரு இங்கிலீஷ் வாத்தியாரின் டைரியிலிருந்து' என்று இன்னோர் அத்தியாயம் இருக்கிறது. உண்மையான விடைபெறல் அங்கேதான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

டைரியில் பெரும்பாலும் வகுப்பறைதான். பையன்கள் எழுதிய கட்டுரைகளைக் காட்டுகிறார். மனிதர்கள் அதிக நாள் ஞாபகம் வைத்திருப்பது எதை என்பது ஒரு தலைப்பு. ஒரு பையன் தன் தாய் செத்துப்போன குளிர்கால நாளைப் பற்றி எழுதியிருக்கிறான். அப்போது அவனுக்கு நாலு வயசு. அந்நிய பாஷையில், தப்பும் தவறுமாக இருந்தாலும் எழுத முடிந்தது, சொந்த பாஷையில் வாத்தியாரிடம் சொல்லியிருக்க மாட்டானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்நிய பாஷைக்கு அப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது.

அந்த வகுப்பில் யோகோகி என்று ஒரு பையன். தச்சனுடைய மகன். கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு ஒரு பணக்காரர் படிக்க வைக்கிறார். சர்வகலாசாலைக்குப் போகப் போகிறவன் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. வியாதியில் விழுகிறான், பிழைக்கமாட்டான் என்று ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறான். ராத்திரி நேரம், குளிர். வீட்டு வேலையாள் அவனை முதுகில் சுமந்துகொண்டு போகிறான். இருட்டில் பள்ளிக்கூடம் இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் பார்த்துவிடுகிறான். அவனுக்குத் தெரிகிறது. சந்தோஷம் என்கிறான். பிறகு செத்துப்போகிறான்.

இந்த இடத்தில் வாத்தியார் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கேள்விப்பட்டு எழுதுகிறார், அவ்வளவுதான். பையன் வாத்தியாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறான். தன்னை மையமாக வைத்துக்கொள்ளாத ஒரு பிரிவை எழுத ஹெர்னால் முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். துறையில் இருநூறு பையன்கள் போட்ட கோஷம் படித்து முடித்த அரைமணியில் அடங்கிவிடுகிறது. மூடிக்கிடந்த கட்டிடத்தின் முன்னால், ஒருவன் முதுகில் ஒருவனாக நின்ற அந்த இரண்டு பேர் மட்டும் நகர்வதில்லை.

வழியனுப்பு உபசாரத்தின் மறுபக்கத்தை எழுதியவர் நட்சுமே சோசெகி. 1903-ல் டோக்கியோ சர்வகலாசாலையில் ஹெர்னை விலக்கியபோது மாணவர்கள் கொந்தளித்தார்கள். அவர் இடத்துக்கு இங்கிலீஷ் இலக்கியம் போதிக்க வந்தவர்களில் முக்கியமானவர் சோசெகி. அதற்கு முன்னாலேயே, 1895-ல், மட்சுயாமா என்கிற சின்ன ஊரில் ஒரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1906-ல் 'போச்சான்' எழுதினார். டோக்கியோவிலிருந்து மட்சுயாமாவுக்குப் போனவனுக்கு அது அயல்நாடு மாதிரிதான். அந்த ஊர்ப் பேச்சே போச்சானுக்குப் புரிவதில்லை.

கதாநாயகன் கணக்கு வாத்தியார். இங்கிலீஷ் வாத்தியார் வேறொருவர், வெளிறிப்போன முகமும் வாய் திறவாத சுபாவமும் உள்ள ஒரு சாது. உதவித் தலைமை ஆசிரியர் அவருக்கு நிச்சயம் செய்திருந்த பெண்மேல் கண் வைக்கிறார். சாதுவின் தாயார் பிள்ளைக்குச் சம்பளம் உயர்த்தித் தரும்படி போய்க் கேட்கிறாள். அதற்கென்ன, தூரத்து ஊரில் ஐந்து யென் அதிகமாக ஒரு வேலை இருக்கிறது என்று மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றாலும் கேட்பதில்லை. பிறகு வழியனுப்பு விருந்து. தலைமை ஆசிரியர் வருத்தப்படுகிறார். ஊரைவிட்டு விரட்டியவரே எல்லோரையும்விட உருக்கமாகப் பேசுகிறார். சாது எழுந்து, நிஜமாகவே மனம் நெகிழ்ந்து, எல்லோருக்கும் நன்றி சொல்கிறார். அப்புறம் குடி, பாட்டு, ஆட்டம். யாருக்காக விருந்து என்பதே மறந்துபோகிறது. விருந்தாளி வீட்டுக்குப் போகலாமென்று எழுந்தால் வழியை மறிக்கிறார்கள்.

ஹெர்ன் சொல்லாமல் விட்ட சம்பளக் கணக்கு சோசெகியிடம் காட்சிக்கே அச்சாணியாக இருக்கிறது. உபசாரப் பேச்சு என்பதே பொய் என்று அவர் சொல்லவில்லை. அது அவ்வளவு சுலபமான விஷயமானால் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பொய்ப் பேச்சுக்கு உண்மையான நன்றி கிடைப்பதுதான் அந்த விருந்தில் தாங்கமுடியாத விஷயம். நாமும் எத்தனையோ ரிடையர்மெண்டு பார்ட்டிகளில் மாலையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்திருக்கிறோம். போச்சானும் கடைசியில் ஊரைவிட்டுப் போகிறான்; எதிரியின் எடுபிடி முகத்தில் முட்டையை எறிந்துவிட்டு, கப்பல் ஏறி, ஊர் பின்னால் போகப்போக மனசு லேசாகிறது. ஜாடியும் இல்லை, வாளும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இத்தனை திட்டு வாங்கிய மட்சுயாமாவும் மட்சுயே மாதிரியே தன் வாத்தியாரைக் கொண்டாடுகிறது. போச்சான் பெயரில் ரயில்கூட விட்டிருக்கிறார்கள்.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், கலை என்கிற முறையில் சோசெகியின் விருந்துதான் என்பேன். ஆனால் ஹெர்னை ஒரேயடியாகத் தாழ்த்த மனம் வரவில்லை. அதற்கு அத்தியாயத்துக்கு வெளியே காரணம் இருக்கிறது. மட்சுயேயில் உதவித் தலைமை ஆசிரியராக இருந்து, அவருக்கு எல்லாவற்றிலும் துணை நின்றவர் நிஷிடா செண்டாரோ. குமமோட்டோ போன பிறகும் ஹெர்ன் அவருக்கு விடாமல் கடிதம் எழுதினார். 1895-ல் வந்த அடுத்த புத்தகத்தை அவருக்கே சமர்ப்பணம் செய்தார். மட்சுயே மாணவன் ஒருவன் பின்னால் டோக்கியோவில் அவரிடமே படித்து, புத்தகங்களுக்கு விஷயம் சேகரித்துக் கொடுத்தான். 1896-ல் ஹெர்ன் ஜப்பானியப் பிரஜையானார். மனைவியின் குடும்பப் பெயரான கொய்ஸுமியை எடுத்துக்கொண்டார். கூடவே வைத்துக்கொண்ட யகுமோ என்கிற பெயர், மட்சுயே இருக்கிற இசுமோ மாகாணத்துக்குப் பழங்காலத்திலிருந்து வழங்கும் அடைமொழி.

அந்த வருஷம் கோடையில் செட்சுவோடு மட்சுயேக்குத் திரும்பி வந்தார். நிஷிடா இருந்தார், க்ஷயரோகத்தோடு. மறு வருஷம் மார்ச்சில் இறந்துபோனார்.