மௌனம் இஜ்மாஉ ஆகுமா?

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) பொதுவாக வடக்குவீட்டு அஹ்மதுகண்ணு முதலாளியின் ஆதிக்கக் கதையாகவே வாசிக்கப்படுகிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்க்கும் அக்கிராமத்தில் முதலாளி ஒருவரே. அவர்முன் கைகட்டி நிற்போரோ பலர். சொத்தைக் காட்டிலும் அப்பலரின் வாய்மூடலே அவருக்குப் பெரும் பலம் என்பது நமது கருத்து.

நாவலை மீண்டும் எடுக்கக் காரணம் உண்டு. தாம்பரத்தை அடுத்த மஹல்லா ஒன்றில், பெண்பிள்ளைகளின் மாலை மக்தபு நடந்துவந்த மாடி அறையை வாடகைக்கு விடுவதெனக் கூட்டத்தில் முடிவாயிற்று. தலைவர் கூறினார், மூத்தவர் இருவர் தலையசைத்தனர், ஏனையோர் பேசவில்லை. இஷாவுக்குப் பின் தேநீர்க் கடையில் நின்றபோதுதான் நால்வருக்கு அதில் உடன்பாடில்லை என்பது வெளிப்பட்டது. அந்நால்வரில் நாமும் ஒருவர். குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய பகுதி இது. சொந்த ஊரில் தாய்மாமனையே மறுத்துப் பேசுபவர், இங்கே 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கிவிடுகிறார்.

இதில் நாணத்தக்க செய்தி, 'இஜ்மாஉ ஸுகூதி'யை ஆண்டுதோறும் மாணவர்க்குப் போதிப்பவர் நாம் என்பதே. முஜ்தஹித் ஒருவர் கருத்துரைக்க, பிறர் அதனை அறிந்தும் மௌனம் காத்தால் அஃது ஏகோபித்த முடிவாகுமா? வாய் திறவாதவர்மீது ஒரு சொல்லைச் சுமத்தலாகாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் புகழ்பெற்ற நிலைப்பாடு. மௌனத்தை ஆதாரமாக ஏற்ற ஹனஃபி உஸூல் அறிஞர்களும் சிந்திக்க அவகாசம் இருந்திருக்க வேண்டும், அந்த மௌனம் அச்சத்தால் விளைந்ததாக இருத்தலாகாது என நிபந்தனை இட்டனர். நமது மஹல்லாக் கூட்டத்தில் அவகாசம் ஐந்து நிமிடம்.

உளவியலர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனை ஈண்டு நினைவுக்கு வருகிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை. முன்னரே பயிற்றப்பட்டோர் ஒரே குரலில் தவறான விடை கூற, விவரமறியாதவர் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று அத்தவற்றையே பின்பற்றின. ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தபோது அப்பிழைகள் கால்பங்கு அளவுக்குக் குறைந்துபோயின. ஒரே ஒருவர்! பத்ரில் ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அத்தகைய ஒருவர். இவ்விடத்தில் தங்குவது வஹீயா, தங்கள் கருத்தா என நபி (ஸல்) அவர்களிடமே வினவித் தெளிந்து, தண்ணீருக்கு அண்மையான வேறிடத்தைக் காட்டினார். படை இடம் மாறியது.

மீரானின் நாவலில் அந்த ஒருவராக மஹ்மூது வருகிறான். எனினும் அவன் பேசியபின் வாளாவிருந்தோர் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதில் ஆசிரியர் போதிய கவனம் செலுத்தவில்லை. அவர்களுள் எத்தனை பேர் மஹ்மூதின் பக்கம் இருந்தனர்? 2019இல் மறைந்த அப்பெரும் படைப்பாளியிடம் இனி அதைக் கேட்க வழியில்லை.

மஹல்லாத் தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்ற சொல்லின் கீழ் நமது கையொப்பமும் உள்ளது. அறை இன்னும் வாடகைக்குப் போகவில்லை. மறுபரிசீலனை கோரும் கடிதத்தைச் சென்ற வாரம் செயலாளரிடம் தந்தோம். தேநீர்க் கடையில் நின்ற மூவரில் இருவர் ஒப்பமிட்டனர்.