வறுமையின் நிழற்படமும் பிள்ளை முகமும்

புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் காட்டும் வீட்டை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே கண்டிருக்கிறோம். நெடுநாள் நெருப்பைக் காணாத அடுப்பில் காளான் முளைத்துக் கிடக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. தாய் அதன் முகத்தைப் பார்க்கிறாள். கணவன் அவள் துயரத்தைப் பார்க்கிறான். அக்கணவனே பாடும் புலவன். அத்துயரத்தைச் சுமந்துகொண்டுதான் அவன் குமணனிடம் வருகிறான்.

காமிரா தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு படம் அமைந்துவிட்டது. அதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. குழந்தை தனித்து விடப்படவில்லை. அடுப்பும் தாயும் உடன் இருக்கின்றனர். பார்ப்பவனும் வெளியாள் அல்லன். அதே வீட்டில் பசித்திருப்பவன். ஏழைக் குழந்தையைப் படம் பிடித்தவர்களை இவ்விரண்டையும் கொண்டே அளந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லி அஞ்சிய பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. அப்பஞ்சத்தின் முகத்தை உலகுக்குக் காட்டியவை, சென்னைப் படையில் குதிரைப்படை அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த நிழற்படங்கள். அவற்றைப் பார்த்தவர் மறக்க இயலாது. எலும்பும் தோலுமான மக்கள் வரிசைப்படுத்தி அமர்த்தப்பட்டிருக்கின்றனர். சில படங்களில் பெரியவர்கள் பின்னே, பிள்ளைகள் முன்னே. திருமண வீட்டுக் குழுப்படம் போன்ற அமைப்பு! அக்காலக் காமிராவின் முன் அசையாதிருக்க வேண்டும். பசியால் துவண்ட பிள்ளையிடம் 'ஆடாமல் இரு' என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இப்படங்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் முழு உண்மையையும் சொல்லவில்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்; வேறெதையும் அறிய இயலாது. அதே ஆண்டுகளில் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்தார். இவை படத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. ஆகவே பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் வந்தது போலவும், மெலிவு அம்மக்களின் இயல்பு போலவும் தோன்றுகிறது. இங்கே அடுப்பு இல்லை, பார்ப்பவனோ வெளியாள். அத்தகைய பஞ்சங்களாலும் கடன்களாலும் ஊரை விட்டவர்களின் வழிவந்தோரே கங்காணிகளின் பின்னால் மூணாறு, தேவிகுளம் மலைகளுக்கு ஏறியவர்களில் பலர். எனவே, ஹூப்பரின் படங்களை நாம் அயலார் படங்களாகப் பார்க்க முடிவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவரைக் காட்ட அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. லூயிஸ் ஹைன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் பிடித்தார். உள்ளே நுழைய மாறுவேடமும் பூண்டார். சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துக் குழந்தையின் உயரத்தை அளந்து, சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒளிவாகக் குறித்துக்கொள்வாராம்! தென் கரோலினாவின் பஞ்சாலையொன்றில் 1908 நவம்பரில் எடுத்த படம் புகழ் பெற்றது. சிறுமியின் உயரம் 48 அங்குலம். வேலைக்கு வந்து அரையாண்டு.

கோவைப் பஞ்சாலைகளில் நின்று பழகிய கால்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இப்படத்தை விளக்க வேண்டியதில்லை. நூற்பு இயந்திரத்தின் நீண்ட வரிசை, கோடுபோல் ஓடித் தொலைவில் குறுகி மறைகிறது. அதன் ஓரத்தில் சிறுமி. காமிரா அவள் உயரத்துக்குத் தாழ்ந்து நிற்பதால் இயந்திரம் நம் பார்வைக்கும் பெரிதாகிவிடுகிறது. அவளிடம் எலும்பு துருத்தவில்லை, கண்ணீரும் இல்லை. ஆயினும் அவள் வறுமைக்கு யார் பொறுப்பு என்பது அவ்வரிசையிலேயே தெரிகிறது. அங்கே குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் நிலையான கூட்டரசுச் சட்டம் 1938இல் வந்தது. படங்களால் மட்டும் வந்தது என்று கூறுவது மிகை. ஆனால் படங்களுக்கும் அதில் பங்குண்டு.

என் அளவுகோலுக்கு அடங்காத படம் ஒன்றும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்தோரின் முகாமில் டோரத்தியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' அது. முதலில் கூடாரமும் தெரியும்படி எடுத்த லாங்கே, ஒவ்வொரு படத்துக்கும் நெருங்கி நெருங்கிச் சென்றார். இறுதிப் படத்தில் தாயின் முகமும், மோவாய் அருகே எழுந்த கையும், மடியில் கைக்குழந்தையும் மட்டுமே. இருபுறமும் சாய்ந்த இரு பிள்ளைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுள்ளனர். பிள்ளை முகத்தைக் காட்டாமலேயே பிள்ளையின் பசியைக் காட்டிய படம் இது. தாயின் கண்ணில்தான் அப்பசி இருக்கிறது. சாத்தனார் கண்டதும் அதுவே. ஆனால் அவள் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னர் எழுதினார். படம் வெளியானபின் அரசு முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அக்குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அத்தாய் 1978இல் பேசியபோது, அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று மனம் கசந்தார். கலையின் வெற்றி வேறு, அத்தாயின் கணக்கு வேறு.

இனிக் கஞ்சிக்கோட்டுக்கு வருவோம். இத்தொழிற்பேட்டையின் இன்றைய தொழிலாளரில் ஒடிசா, வங்காளம், பீகார் எனத் தொலைவிலிருந்து வந்தவர் பலர். அவர்கள் பிள்ளைகளும் இங்கே வளர்கின்றனர். வாளையாற்றைக் கடந்து வந்த நாம் இன்று கையில் காமிரா உள்ளவர்கள் ஆகிவிட்டோம். நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாக்களின் படங்களைச் சங்க மலர்களில் காண்கிறோம். வழங்கியோர் பின்வரிசையில், பிள்ளைகள் முன்வரிசையில், நோட்டை மார்போடு உயர்த்திப் பிடித்தபடி. வழங்கியோர் பெயர் அடியில் இருக்கும். பிள்ளைகள் 'பயனாளிகள்' என்று மட்டும் இருப்பர். நோக்கம் நல்லதே, ஐயமில்லை. ஆனால் அமைப்பு ஹூப்பருடையதாக அல்லவா இருக்கிறது!

நம் பெற்றோர் தாமே பணம் கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்களை இதனோடு ஒப்பிடலாம். வண்ணத் திரைக்கு முன், தலை படிய வாரி, இரவல் சட்டை போட்ட பிள்ளை. அதன் தோளில் தந்தையின் கை. அவர்களும் வறியவரே. படத்தின் எல்லைக்குள் எதை வைப்பது என்பதை மட்டும் அன்று அவர்களே முடிவு செய்தனர். அடுத்த மலருக்குப் படம் எடுக்கச் செல்லும் நண்பர்கள், நோட்டை வாங்கிய பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கிறது என்று கேட்டு, பெற்றோர் இசைந்தால் அவ்வீட்டு வாசலில் அவர்களோடு நிற்க வைத்து எடுத்து வரலாம். இசையாவிட்டால் காமிராவைப் பையில் வைத்துவிட்டு, அவர்கள் தரும் தேநீரைக் குடித்து வரலாம்.