நாக்கும் ஞாபகமும்

பால்யத்தில் தின்றவற்றைப் பற்றி எழுதுவது எளிது. எளிது என்பதே அதிலுள்ள ஆபத்து. பண்டத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வாசகனின் நாக்கில் நீர் ஊறிவிடுகிறது; எழுத்து செய்ய வேண்டிய காரியத்தை எச்சில் செய்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் இவ்வகை எழுத்து ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. பிழைப்புக்காக நாட்டைவிட்டுப் போனவர்கள் அதை இன்னும் பெருக்கியிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை பட்டியல்கள். காலையில் தோள்கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, 'தாஹோ' என்று நீட்டிக் கூவி வருகிறவன். அவன் வழித்துப்போடும் சூடான, இளகிய சோயாக் கட்டி, அதன்மேல் சர்க்கரைப் பாகு, ஜவ்வரிசி. டிசம்பர் 16லிருந்து 24 வரை விடியற்காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், கோவில் வாசலில் மூங்கில் குழாய்களில் வெந்துகொண்டிருக்கும் ஊதாநிறப் புத்தோ பும்போங். எல்லாம் சரிதான். ஆனால் பட்டியல் ஞாபகமாகாது. பட்டியலில் பண்டங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஞாபகத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

சம்பொராதோவை எடுத்துக்கொள்ளலாம். மழைநாள் காலைகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கோக்கோ போட்ட அரிசிக் கஞ்சி. கடித்துக்கொள்ளப் பொரித்த கருவாடு. கோக்கோவும் அந்தப் பெயரும் மெக்ஸிகோவிலிருந்து வந்தவை. 1565லிருந்து 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்குமிடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழி வந்தவை. அங்கே மக்காச்சோள மாவில் காய்ச்சியதை இங்கே அரிசியில் காய்ச்சினார்கள். மேலே ஊற்றும் டப்பாப் பால் அமெரிக்க ஆட்சியோடு பரவிய பழக்கம். கருவாடு ஒன்றுதான் பக்கத்துக் கடலுடையது. ஒரு கிண்ணத்துக்குள் இரண்டு சாம்ராஜ்யங்கள். இனிப்புக் கஞ்சிக்குக் கருவாடா என்று அந்நியன் முகம் சுளிக்கிற இடத்தில்தான் அந்தப் பிள்ளையின் ருசி ஆரம்பிக்கிறது. பிள்ளைக்கு இந்தச் சரித்திரம் தெரிய வேண்டியதில்லை. முப்பது வருஷம் கழித்து அதை எழுத உட்காருகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவன் எழுதுவது தன் நாக்கைப் பற்றி மட்டுமே.

டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934–2002) இதை அறிந்தவர். நெக்ரோஸ் தீவின் கரும்புச் சீமையில், சிலாய் என்ற ஊரில் வளர்ந்தவர், மணிலாவின் அதெனெயோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர், நாடக ஆய்வாளர். 'சராப்' (1988, எடில்பெர்த்தோ அலெக்ரேயுடன்), 'திகிம்' (1994) ஆகிய நூல்களில் அவர் உணவை ஒரு பிரதியைப் போல வாசிக்கிறார். பிலிப்பினோ ருசியின் பிரதிநிதியாக எல்லோரும் அதோபோவைச் சொன்னபோது, அவர் சினிகாங்கைச் சொன்னார். புளியங்காயோ மாங்காயோ கொய்யாவோ, மண் எதைத் தருகிறதோ அதைப் போட்டுப் புளிக்க வைக்கிற சாறு அது. ஸ்பானியப் பெயர் ஒட்டாதது. இன்னொன்றையும் அவர் கவனித்தார். பிலிப்பினோ உணவில் சமையல்காரனின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பல்ல. காடி, மீன்சாறு, புளித்த இறால்விழுது என்று தொட்டுக்கொள்வன மேஜையில் இருக்கின்றன. சாப்பிடுகிறவன் தன் ருசியைத் தானே முடித்துக்கொள்கிறான். வாசகனுக்குப் படைப்பில் உள்ள பங்கைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு சின்னக் கிண்ணம் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் அவருடைய எழுத்தின் மையம் கொண்டாட்டம். பசி ஓரத்தில்தான் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் பால்யத்தின் இனிப்புக்கெல்லாம் ஆதாரமான அதே நெக்ரோஸில், 1980களின் நடுவில் சர்க்கரை விலை சரிந்தபோது, கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் பட்டினியில் வாடினார்கள். 'எனக்குப் பிடித்தமானது' என்பது, தேர்ந்துகொள்ள இரண்டு பண்டங்கள் இருந்தவனின் சொல்.

இந்த இடத்தில் கார்லோஸ் புலோசானைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. பங்காசினான் மாகாணத்துக் குடியானவர் மகன்; 1930ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்; 1956ல் சியாட்டிலில் இறந்தவர். 'என் தகப்பனார் நீதிமன்றம் போகிறார்' என்ற அவருடைய கதையில் பணக்கார அண்டை வீட்டுக்காரன் வழக்குப் போடுகிறான். தன் சமையலின் வாசனையை மோந்து மோந்தே ஏழை வீட்டுப் பிள்ளைகள் கொழுத்துவிட்டார்களாம். தகப்பனார் தொப்பியில் காசுகளைச் சேகரித்துக் குலுக்குகிறார். வாசனைக்கு விலை, காசின் சத்தம். பழைய நாடோடிக் கதையின் சாயல்தான். ஆனால் மோந்து பார்த்தது புலோசானின் பிள்ளைகள். 'அமெரிக்கா இதயத்தில் இருக்கிறது' (1946) நூலில் இன்னும் கடுமையான இடம் ஒன்று. தாயும் பிள்ளையும் புளித்த உப்புமீனைச் சுமந்து ஊர் ஊராகப் பண்டமாற்றுக்குப் போகிறார்கள். மாற்றாகத் தர எதுவுமில்லாத ஒரு பெண், பாத்திரத்தில் கையை மட்டும் நனைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறாள்.

இதைப் படித்துவிட்டு, ருசியைப் பற்றிப் பேசுவதே வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு என்று முற்போக்குக்காரர்கள் முடிவுக்கு வரக்கூடும். அது தவறு. அந்தப் பெண் கேட்டது வயிற்றை நிரப்புகிற வஸ்துவை அல்ல. கையில் ஒட்டுகிற உப்பும் வாசனையும் பசியை ஆற்றாது என்று அவளுக்குத் தெரியாதா? அவள் கேட்டது ருசியை. பசித்தவனுக்கு வயிறு மட்டுமே உண்டு, நாக்கு இல்லை என்று நினைப்பது கருணையின் வேஷத்தில் வருகிற அவமதிப்பு. புலோசானிடம் அந்த அவமதிப்பு இல்லை.

ஆகவே கேள்வி ருசியா பசியா என்பதல்ல. மரியா ஒரோசா (1893–1945) என்ற உணவு விஞ்ஞானி, தக்காளிக்குப் பதிலாக வாழைப்பழத்தில் கெட்சப் செய்த முன்னோடியாகச் சொல்லப்படுகிறவர். 1945 பிப்ரவரியில், மணிலாப் போரில் குண்டுச் சிதறல் பாய்ந்து செத்தார். பிறந்தநாள் விருந்தின் இனிப்பு ஸ்பாகெட்டியில் இன்றும் அந்தக் கெட்சப்பைத்தான் ஊற்றுகிறார்கள். அந்தத் தட்டை நினைவுகூர்கிற கட்டுரைகளில் இனிப்பு இருக்கிறது. ஒரோசா அபூர்வமாகவே இருக்கிறார். அவர் பெயரைச் சொருகிவிட்டால் கட்டுரை இலக்கியமாகிவிடும் என்று சொல்லவில்லை. தகவலும் இன்னொரு பட்டியல்தான். தின்ற பிள்ளையின் சந்தோஷம் ஒரு துளியும் குறையாமல், அந்தச் சந்தோஷத்தின் விலையும் அதே வாக்கியத்தில் வந்து உட்கார வேண்டும். ஃபெர்னாண்டஸ் முதலாவதைச் செய்தார். புலோசான் இரண்டையும் செய்த இடங்கள் உண்டு. மற்றவர்கள் எச்சிலை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.