எங்கெல்ஸ் கும்பிட்ட அம்மன்

எங்கெல்ஸ் ராமசாமி! பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மார்க்சின் தோழர் ஒருவர், ஈரோட்டுக் கிழவர் ஒருவர். இருவர் பெயரையும் இணைத்துச் சூட்டப்பெற்ற பிள்ளை திரையில் என்னென்ன கேட்பானோ, எவரெவர் முகமூடியைக் கிழிப்பானோ என்று ஆவல் கொண்டோம். நாகர்கோவிலிலே தொலைக்காட்சிச் செய்தியாளன். தந்தை கைவிட்டுப்போன குடும்பம். தாய், மூன்று தங்கையர், தலைக்கு மேல் கவலை. 2020ஆம் ஆண்டு தீபாவளியன்று இணையவழி வெளிவந்த ‘மூக்குத்தி அம்மன்’ படத்தின் கதைத்தலைவன் அவன்தான். அந்த எங்கெல்ஸ் ராமசாமி செய்வதென்ன? குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குச் சென்று கும்பிடுகிறான். கும்பிட்ட குரல் கேட்டு, மூக்குத்தி மின்ன, அம்மனே இறங்கி வந்து நிற்கிறாள்!

விடுமுறை நாட்களில் வரிசையாகச் சில படங்களைப் பார்த்தோம். மக்கள் பெருவாரியாகப் பார்த்து மகிழ்ந்த படங்கள். மாணவர் வாயில் இன்றும் அடிபடும் படங்கள். அவற்றைப்பற்றி நம் எண்ணத்தில் பட்டதை எழுதுகிறோம். கலை நுணுக்கம், ஒளிப்பதிவு, இசையமைப்பு ஆகியவற்றை ஆராய வேறு ஏடுகள் உண்டு. நாம் கேட்க விரும்பியது ஒன்றே: கதையின் முடிவில் நீதி வழங்குபவர் யார்?

‘மூக்குத்தி அம்மன்’ சிரிக்க வைத்த படம், அதை மறுப்பதற்கில்லை. தாயாக வந்த ஊர்வசி, ஏழைக் குடும்பத்துத் தாயின் அங்கலாய்ப்பையும் அசட்டு நம்பிக்கையையும் அன்பையும் ஒரே மூச்சில் கொட்டி, படத்தையே தன் தோளில் சுமந்துவிட்டார். பகவதி பாபா என்றொரு சாமியார் வருகிறார். காவி கட்டி, கண்மூடி, காட்டை வளைத்துப்போடக் கணக்குப் போடும் கள்ளர்! அவரைத் தோலுரிக்கத் துணிந்தமைக்காக ஆர்.ஜே. பாலாஜி, என்.ஜே. சரவணன் எனும் இயக்குநர் இருவரையும் பாராட்டத்தான் வேண்டும். நாட்டு நடப்பை அறிந்தவருக்கு, அது எளிய துணிவன்று என்பது விளங்கும்.

ஆனால் தோலுரிப்பது யார்? சாமியாரைச் சாய்ப்பதற்கு ஒரு சாமி தேவைப்படுகிறது! கள்ளப் பணத்தைக் காட்டிக்கொடுப்பவன் நல்ல பணத்தின் மதிப்பை உயர்த்துகிறான். போலிச் சாமியாரைப் பிடித்துக்கொடுக்கும் இந்தப் படமும் அசல் தெய்வத்துக்கு முத்திரை குத்திக் கையில் தருகிறது. இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே தரகர் வேண்டா என்பதே படத்தின் முடிபு. தரகர் போனார், சரி. சரக்கைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கக் காணோமே! ராமசாமி என்ற பெயரைத் தாங்கியவன் வாயிலிருந்து அந்த ஒரு கேள்வியும் வரவில்லை. பெயரை எடுத்துக்கொண்டார்கள், பெயருக்கு உரியவரின் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

போலித் துறவியைத் தமிழ்த் திரை 2020இல்தான் கண்டுபிடித்தது என்று இளந்தோழர் எவரும் எண்ணிவிட வேண்டா. 1949இல் வந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’யிலேயே, ஆசிரமம் அமைத்துக்கொண்டு ஆடும் கபட வேடதாரி ஒருவன் உண்டு. அந்தப் படம் அவனோடு நின்றுவிடவில்லை. வேதாசல முதலியாரின் கொடுமையால் தந்தையைப் பறிகொடுத்த ஆனந்தன் காளி கோயிலுக்குள் புகுந்து, கைகூப்பித் தொழுத தெய்வத்திடமே கணக்குக் கேட்கிறான். கே.ஆர். ராமசாமி கொதித்துக் குமுறிய அந்தக் காட்சியில் காளி வாய் திறக்கவில்லை. அந்த மௌனந்தான் காட்சியின் உயிர்! அதன்பின் அவனுக்கு வழி காட்டுபவன் மணி எனும் நண்பன். அறிவுள்ள ஒரு மனிதன்.

1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தது. கோயிலுக்குள்ளேயே கல்யாணியைக் கெடுக்கத் துணிந்த பூசாரி. பின்னர் சிலைக்குப் பின்னிருந்து கிளம்பும் குரல். தேவியே பேசினாளோ என்று மருளும் பூசாரியின் முன் வந்து நிற்பவன், கல்யாணியின் அண்ணன் குணசேகரன். சிலைக்குப் பின்னே ஒரு மனிதன் இருந்தான். அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மற்றொரு தீபாவளிக்கு, மனிதனை அப்புறப்படுத்திவிட்டுச் சிலையே நடந்து வந்துவிட்டது!

அந்நாளைய படங்களில் குறையே இல்லையென்று வாதாட நாம் வரவில்லை. ஆற்றில் எறியப்பட்ட குழந்தை சரியாக ஒரு படகிலே விழுந்து பிழைப்பது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது என்று எவரேனும் கேட்டால், நாமும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவோம். ஆனாலும், படகைக் கடவுள் ஓட்டிவரவில்லை.

அடுத்து ‘அரண்மனை’யின் நான்காம் படம். 2014இல் குடிபுகுந்த பேய்கள், பத்தே ஆண்டில் நான்கு படங்களுக்குக் குடும்பம் பெருக்கியிருக்கின்றன. 2024இல் வந்த இந்தப் படத்துக்காக, சுந்தர்.சி அஸ்ஸாம் நாட்டு மக்கள் கதைகளில் உலவும் ‘பாக்’ எனும் உருமாறும் பேயை ஏற்றுமதி, இறக்குமதி செய்திருக்கிறார். உள்ளூர்ப் பேய்கள் தீர்ந்துவிட்டன போலும்! தமன்னா தாய்மையின் தவிப்பை நன்கு காட்டினார். மற்றதைப்பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று நம்மை உறுத்தியது. தங்கை இறந்தாள் என்ற செய்தி கேட்டு ஓடிவரும் அண்ணன் யார் தெரியுமா? வழக்கறிஞர்! சான்று எது, சாட்சியம் எது, ஐயம் எது என்று பகுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். அவருக்குக் கடைசியில் கைகொடுத்தவை சட்டப் புத்தகங்களா? இல்லை, அம்மன் பாட்டும் ஆட்டமும் ஆவேசமுந்தான். பேயை ஒட்டுவதற்கு வழக்கறிஞர் எதற்கு? பூசாரியையே கதைத்தலைவனாக்கியிருக்கலாம். கருப்பு அங்கிக்காவது மானம் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வழக்கறிஞரையும் பார்த்தோம். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் சந்துரு. த.செ. ஞானவேல் இயக்கிய அந்தப் படம், வழக்கறிஞராயிருந்து, 2006 முதல் 2013 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய கே. சந்துரு அவர்கள் நடத்திய ஓர் உண்மை வழக்கை அடியாகக் கொண்டது. 1993இல் காவல் நிலையத்தில் அடிபட்டு மாண்ட ஒருவருக்காக நிகழ்ந்த போராட்டம் அது. பொய்த் திருட்டுப் பழி, காவலரின் தடியடி, காணாமற்போன கணவன், கருவுற்ற மனைவி, ஆட்கொணர்வு மனு: கதை இவ்வளவே. ஆனால் இருக்கையை விட்டு அசைய முடியவில்லை. பேயில்லை, பூசையில்லை. செங்கேணியாக வந்த லிஜோமோள் ஜோஸ் அழும்போது எந்தத் தெய்வமும் எட்டிப் பார்க்கவில்லை. ஏறச் சொல்லிக் கெஞ்சும் காவல்துறை வண்டியைத் திரும்பியும் பாராமல், மகளைக் கையில் பிடித்தபடி அவள் நடந்து போகிறாளே, அந்த நடை! அம்மன் ஆட்டங்கள் ஆயிரம் கண்டாலும் அந்த நடைக்கு ஈடாகுமா?

குறை சொல்லாமலும் விட முடியாது. உண்மை நிகழ்ச்சியில் துயருற்றோர் குறவர் இனத்தார். படம் அவர்களை இருளராக்கிவிட்டது. ஊரெல்லாம் கொடி பிடித்துக் கூடி நின்றவர்களைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளி, சூர்யாவை நடுவே நிறுத்தியதும் நமக்கு உடன்பாடன்று. தெய்வத்தின் பீடம் காலியானதும் நடிகரைத் தூக்கி அதில் உட்கார வைக்கும் பழக்கம் தமிழ்த்திரைக்கு இன்னும் போகவில்லை. என்றாலும் இறுதியில், செய்தித்தாளை விரித்துக்கொண்டு வழக்கறிஞர் எதிரே அமரும் அந்தச் சிறுமி, ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு அவரைப்போலவே கால்மேல் கால் போட்டுக்கொள்கிறாள். பள்ளிப்பிள்ளைகளோடு பழகும் நமக்கு அந்த ஒரு கணத் தயக்கம் எங்கிருந்து வருகிறதென்று தெரியும். அது கலைவது எத்துணை அரிது என்பதும் தெரியும்.

இனி, நம்மை அதிகம் தொல்லைப்படுத்திய படத்துக்கு வருவோம். ‘காந்தாரா’! 2022இல் கன்னடத்தில் எடுக்கப்பட்டு, தமிழ்க்குரலிலும் ஓடி, நம் ஊர்க் கொட்டகைகளையும் நிறைத்த படம். 2025 அக்டோபரில் அதன் முன்கதையும் வந்து வெற்றி கண்டது. ரிஷப் ஷெட்டியின் ஆற்றலை மறுப்பவர் யார்? கடைசிக் காட்சியின் ஆட்டத்தில் நாமும் மூச்சடக்கித்தான் இருந்தோம். அதனால்தான் சொல்கிறோம், மட்டமான படம் மயக்காது. திறமையான படந்தான் மயக்கும்.

கதை இது. 1847இல் மன நிம்மதி தேடிய மன்னன் ஒருவன், பஞ்சுர்லி தெய்வத்தின் கல்லைப் பெற்றுக்கொண்டு காட்டு நிலத்தை ஊராருக்குக் கொடுக்கிறான். 1970இல் அவன் வழிவந்தவன் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுக்கப் புறப்பட்டு, நீதிமன்றப் படிக்கட்டிலேயே இரத்தம் கக்கிச் சாகிறான். 1990இல் பண்ணையார் ஒருவர் நல்லவர்போல் நடித்து நிலத்தைக் கவரச் சூழ்ச்சி செய்ய, கதைத்தலைவன் சிவாவின்மீது குளிகா தெய்வம் இறங்கிப் பண்ணையாரை அழிக்கிறது. ஊர் பிழைக்கிறது. காதலியின் இடுப்பைக் கிள்ளி வம்பு செய்தவன் மீது தெய்வம் எப்படி மனமுவந்து இறங்கிற்றோ, நமக்கு விளங்கவில்லை!

படத்தைப் பார்த்துவிட்டு வந்த நம் மாணவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மறைக்காமல் கேட்டான்: “தெய்வம் வரலேன்னா அவங்க நிலம் போயிருக்கும்ல, ஐயா?”

நல்ல கேள்வி. படம் அவன் நெஞ்சில் விதைத்த கேள்வி. அவனுக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்துச் சொல்கிறோம்.

1970லிருந்து 1990க்குத் தாவிய அந்தப் படம், இடையிலிருந்த 1974ஐத் தாண்டிக் குதித்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சு முதல் நாள் கர்நாடகத்தில் நடப்புக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், குத்தகையில் இருந்த நிலங்களை அரசுக்கு உரியதாக்கி, உழுதவருக்கே உரிமை பெற வழி செய்தது. முதலமைச்சராயிருந்தவர் தேவராஜ் அர்ஸ். வட்டந்தோறும் நிலத் தீர்ப்பாயங்கள் அமைந்தன. குத்தகை உழவர் ‘படிவம் 7’ என்ற விண்ணப்பத்தை நிரப்பித் தரவேண்டும். தீர்ப்பாயம் விசாரித்து முடிவு சொல்லும். குத்தகை உழவு மிகுந்திருந்த அந்தக் கடற்கரை மாவட்டங்களில்தான் இந்தச் சட்டம் ஆழமாக வேரோடிற்று. பண்ணையாரின் பிடியைத் தளர்த்தியது குளிகாவின் கூச்சலன்று. உழவர் இயக்கங்களின் முழக்கமும் சட்டமன்றத்தின் வாக்கும் ஒரு தாள் விண்ணப்பமும்!

“அது குத்தகை நிலம், படத்திலிருப்பது காடு” என்பாரும் உளர். சரி; காட்டில் வாழ்வோர் உரிமைக்கும் சட்டம் வந்தது, 2006இல். பழங்குடியினரும் காட்டை நம்பி வாழ்ந்த பிறரும் பல்லாண்டு போராடிப் பெற்ற வன உரிமைச் சட்டம். படத்தின் முடிவில், தெய்வம் ஏறிய சிவா, வன அதிகாரியின் கையையும் ஊரார் கைகளையும் சேர்த்து வைக்கிறான். கை சேர்ந்தது, பட்டா கைக்கு வந்ததா? படம் பேசவில்லை. இன்னொன்று: காட்டைத் திருத்திக் கழனியாக்கி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே மாண்டவர்களுக்கு அந்த நிலம் மன்னன் தூக்கக் கேட்டைத் தீர்த்ததற்கான கூலியாக வந்ததாம்! உரிமையை வரமாக்கிவிட்டார்கள். வரமென்றால், கொடுத்தவன் கேட்கும்போது வாங்கியவன் நடுங்கத்தானே வேண்டும்?

நம் தோழர்கள் சிலர் இந்தப் படத்துக்காக நம்மோடு வழக்காடினர். இது வைதீகத் தெய்வமன்று, மண்ணின் தெய்வம்; புரோகிதர் இல்லை, புராணம் இல்லை; ஒடுக்கப்பட்டவனே தெய்வமாகி ஆடுகிறான், பண்ணையாரே அவன்முன் குனிகிறான்; இதைப் பழிக்கலாமா என்றனர். வலுவான வாதம். பழிக்கவில்லை, ஆனால் பொழுது விடிந்தபின் நடப்பதையும் பார்க்கச் சொல்கிறோம். அந்த நாட்டுப் பூதக்கோலத்தில் தெய்வமேறி ஆடுவோர் நலிகே, பம்பத, பரவ முதலான ஒடுக்கப்பட்ட சமூகத்தார். முகத்தில் வண்ணம் இருக்கும்வரை அவர் வாக்கு தெய்வவாக்கு, பண்ணையாரையும் அதட்டலாம். வண்ணம் கலைந்ததும் அவர் பழையபடி முற்றத்தில் நிற்கும் ஆள். பண்ணையார் வீட்டுத் தீண்டாமையைப் படமே மறைக்காமல் காட்டுகிறது. ஓர் இரவு வணக்கம், மற்ற நாளெல்லாம் வாசலுக்கு வெளியே! அந்த ஓர் இரவைப் பொன்னாகப் பூசிக் காட்டிவிட்டு, மற்ற நாட்களை யார் மாற்றுவது என்ற கேள்வியைக் குளிகாவின் தோளில் ஏற்றிவிட்டால், படம் பார்த்த பண்ணையார் மகனும் எழுந்து நின்று கைதட்டலாம். தட்டினார்கள். தெய்வத்துக்குப் பயப்படுவதில் அவர்களுக்கு இழப்பேதும் இல்லை, தீர்ப்பாயத்துக்குத்தான் பயந்தார்கள்.

நம் மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதை ஏன் ஐயா படமா எடுக்கல?” என்றான்.

ஏன் எடுக்கவில்லை? பண்ணையார் வீட்டுத் திண்ணைக்கு எதிரே நடந்து, வட்ட அலுவலக வாயிலில் வரிசையில் நிற்கிறாள் ஓர் உழவர் வீட்டுப் பெண். கையில் படிவம் 7. பின்னால் நிற்கும் பண்ணை ஆள் மெல்ல இருமுகிறான். அவள் திரும்பிப் பார்க்கலாமா, வேண்டாமா என்று எண்ணுகிறாள். எழுத்தர் பெயரைக் கேட்கிறார். இதைவிடத் திகிலூட்டும் காட்சி எந்த அரண்மனையில் உண்டு? எவரேனும் எடுக்க முன்வந்தால், முதற்காட்சிக்கே மாணவர் படையோடு வந்து சீட்டு வாங்கக் காத்திருக்கிறோம்.