மணிமேகலையின் கருணை

மணிமேகலை பௌத்த நூலாதலின் சைவர் கற்கற்பாலதன்று என்பர் அன்பர் சிலர். யாம் உடன்படேம். சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் பௌத்தத்தை மறுத்தது அதனை ஐயமறக் கற்றபின்னரன்றோ? அந்நூலின் 30 காதைகளுள், ஈற்றில் வரும் அளவை ஆராய்ச்சியினும் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய காதையே எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. அமுதசுரபி ஏந்திச் சிறையுட் புக்க மணிமேகலை, ஆண்டிருந்தாரது குற்றத்தை ஆராய்ந்திலள், பசியையே நோக்கினள். வேண்டுவது யாதென்ற மாவண்கிள்ளியிடம் அச்சிறையை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினள். ஒருவேளைச் சோற்றோடு அமையாத கருணை அது.

ஆயின், எல்லாம் கணபங்கம், நிலைத்த உயிரில்லை என்பார்க்கு, நேற்றுப் பசித்தவனும் இன்று உண்டு தேறியவனும் ஒருவனாதல் யாங்ஙனம்? சந்தானத் தொடர்ச்சியுண்டு என்பர். அத்தொடர்ச்சியுள் ‘என் துன்பம்’ என்று அறிவது எது? வீழிமிழலையிற் பஞ்சம் வந்துழிப் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த அப்பர்க்கும் சம்பந்தர்க்கும் இவ்விடர்ப்பாடில்லை, உயிரையும் அருளையும் உள்பொருளெனக் கொண்டமையின்.